திருப்பி அக்காவும் திருப்பாத துணியும்

என் மனைவி அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவளைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அருங்காட்சியகத்தில் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவள்? நாலே வரி என்றால் நாலும் புகாராகத்தான் வரும். முதல் புகாரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் உலகத்துக் கிழிசலை எல்லாம் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்து தைக்கிறவள், கட்டிய கணவனின் சட்டையில் ஒரு பொத்தான் போனால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "ஊசி டப்பா அங்கதானே இருக்கு? உங்களுக்குக் கை இல்லையா?" என்பாள். எனக்குக் கை இருக்கிறது. பொத்தான், பேன்ட் ஓரம், கருவிப் பை, எல்லாம் நானே தைத்துக்கொள்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பெயர் 'திருப்பி அக்கா'. இயக்குநர் மேடம் முதல் வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எந்தத் துணியை நீட்டினாலும் முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். அப்படி வந்த பெயர். முன்பக்கத்தில் பூவும் பறவையும் சிரித்துக்கொண்டிருக்கும். நூல் எங்கே தொடங்கியது, எங்கே தீர்ந்தது, தைத்தவள் எந்த இடத்தில் அலுத்துப்போய் இழுத்து முடிச்சுப் போட்டாள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும் என்பாள். இந்தப் பழக்கம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. கடையில் மேசைவிரிப்பைத் திருப்புவாள். விருந்துக்குப் போன இடத்தில் சோபா உறையைத் திருப்புவாள். ஒரு முறை என் அக்கா புது ரவிக்கை போட்டுக்கொண்டு ஆசையாக வந்து நின்றாள். இவள் "ஒரு நிமிஷம் அண்ணி" என்று கழுத்துப் பட்டியைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அக்கா ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

என் மனைவி பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. பள்ளிச் சீருடைக்குச் சின்னம் தைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாளைக்கு முந்நூறு சிங்கம், அடுத்த நாள் முந்நூறு தாமரை. அப்போது அருங்காட்சியகத்தில் மூன்று மாத வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சேமிப்பறையில் நாலாயிரம் துணி கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வெள்ளை நாடாவில் எழுதி, துணிக்கு வலிக்காமல் பின்பக்க ஓரத்தில் நாலு தையல் போட்டு இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எண்ணைத் தைக்கப் பின்பக்கம் திருப்பியவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மூன்று மாதம் முப்பத்தோரு வருடமாகிவிட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் சேர்ந்த இரண்டாம் மாதம் அந்தக் கட்டடத்தின் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு தள்ளுவண்டியும், வண்டி நிறையத் துணிப்பெட்டியும், இவளும். நான் மேலே ஏறிக் கூரைக் கதவைத் திறந்து தலையை நீட்டினால், மற்றவர்கள் மாதிரி இவள் "காப்பாத்துங்க" என்று கத்தவில்லை. "அண்ணே, கிரீஸ் சொட்டப் போகுது, தலையை அந்தப் பக்கம் நீட்டுங்க" என்றாள். வெளியே எடுத்துவிட்ட பிறகு நன்றிகூடச் சொல்லாமல் என் சட்டைப் பையிலிருந்த கம்பெனிச் சின்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "மட்டமான மெஷின்" என்றாள். அண்ணனாகத் தொடங்கிய உறவு ஒன்பது மாதத்தில் வேறு மாதிரி முடிந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அவள்தான் என்னை மீட்டது போலச் சொல்வாள்.

அவளோடு சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு ஆறிவிடும், பேச்சு ஆறாது. சீனாவில் ஒரே மெல்லிய பட்டில் இந்தப் பக்கமும் பூனை, அந்தப் பக்கமும் பூனை தெரிகிற மாதிரித் தைப்பார்களாம், பின்பக்கமே கிடையாதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏதோ துரோகம் நடந்தது போல இருக்கும். ஜப்பானில் உழவர்களும் மீன்பிடிக்கிறவர்களும் கிழிந்த வேலை உடுப்பை நீலத் துணி மேல் வெள்ளை நூலால் தைத்துத் தைத்தே கெட்டியாக்கினார்கள். வங்காளத்தில் பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதே புடவையின் கரையிலிருந்து நூலை உருவி, அதனாலேயே தைத்தார்கள். பாலஸ்தீனத்தில் ஒரு பெண்ணின் மார்புப் பூவைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். மத்திய ஆசியாவில் ஒரு பெரிய விரிப்பின் கோலத்தைப் பல பட்டையாகப் பிரித்து ஆளுக்கொரு பட்டை தைப்பார்கள். கடைசியில் சேர்க்கும்போது ஒரு பூவின் பாதி இன்னொரு பாதியோடு பொருந்தாது. "மாமியார் தைச்ச பாதியும் மருமக தைச்ச பாதியும் எப்படிங்க பொருந்தும்?" என்று அவளே சிரித்துக்கொள்வாள்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்துக் கதை. அங்கே சின்னப் பெண்கள் தையல் பழக ஒரு துணியில் எழுத்தும் எண்ணும் தைத்து, கடைசியில் தன் பெயர், வயது, வருடம் போடுவார்கள். வளர்ந்த பிறகு சில பேர் அந்த வருடத்தை மட்டும் நைசாகப் பிரித்து எடுத்துவிடுவார்களாம், வயது தெரிந்துவிடுமே! ஆனால் ஊசித் துளை போகாது. "துளையை எண்ணினா வருஷம் வந்துடும்" என்பாள் இவள். பாவம் அந்தப் பெண்கள், இருநூறு வருடம் கழித்து இவளிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவள் திருப்பாத துணி ஒன்று உண்டு. அதுதான் கதை.

அவள் வேலைக்கு வந்த ஆறாம் வருடம் ஒரு வியாபாரியிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு கட்டில் விரிப்பு. சுற்றிலும் கொடி, நடுவே பதினோரு பறவைகள். பத்துப் பறவை நம்மைப் பார்க்கும். ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துணி நல்ல பழுப்பு. எங்கிருந்து வந்தது, யார் தைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பின்பக்கம் முழுக்க யாரோ சிவப்புப் பட்டு உள்துணி வைத்து மூடித் தைத்திருந்தார்கள்.

அந்தக் கொடி முழுக்கக் காம்புத் தையல். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சாய்ந்து போகிற தையல். பார்க்க முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். கயிறு என்றால் எனக்குப் புரியும். லிஃப்டைத் தூக்குகிற இரும்புக் கயிற்றிலும் வலம்புரி முறுக்கு, இடம்புரி முறுக்கு என்று உண்டு. நாங்கள் பெரும்பாலும் மாட்டுவது வலம்புரி. காம்புத் தையலும் பெரும்பாலும் அப்படி ஒரே பக்கம்தான் சாயுமாம். இந்தத் துணியில் மட்டும் ஓர் அங்குலம் விடாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இவள் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு எங்கோ ஒரு புத்தகத்தில், ஒரு மலை நாட்டுத் துணியின் படத்தில் அதே சாய்வைப் பார்த்தாள். அந்த நாட்டின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் நாங்கள் போட்ட பழி போதும்.

இவள் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். இது அந்த மலை நாட்டு வேலை. நூற்றைம்பது வருடப் பழசு. நூலை ஊசிக்கு மேலே பிடிக்கச் சொல்லி அங்கே பழக்குகிறார்கள், அதனால்தான் சாய்வு மாறுகிறது. இவ்வளவு வேலையை ஒருத்தி செய்ய முடியாது. குறைந்தது நாலு பெண்கள் சேர்ந்து தைத்திருக்கிறார்கள். அன்றைய இயக்குநர் படித்துவிட்டு ஆடிப்போய்விட்டார். சின்னம் தைக்க வந்த பெண்ணா இதை எழுதியது என்று அவளைத் துணிப் பிரிவுக்கே பொறுப்பாளராக ஆக்கினார். வெளியூரிலிருந்து படித்தவர்கள் எல்லாம் வந்து அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அந்த விரிப்புக்கு 'அக்கா துணி' என்றே பெயர்.

"உள்துணியைப் பிரிச்சு ஒரு தடவை பின்னாடி பாத்தியா?" என்று நான் அப்போதே கேட்டேன். வந்ததை வந்தபடி வைக்க வேண்டும், பழைய பட்டைப் பிரித்தால் நார்நாராகப் போய்விடும் என்று சட்டம் பேசினாள். இருபத்தைந்து வருடம் நானும் அதை நம்பினேன்.

இந்த வருடம் 'உலகப் பூத்தையல்' என்று பெரிய கண்காட்சி ஏற்பாடானது. இவள் ஓய்வு பெறுவதற்கு முன் அவளுக்கு ஒரு மரியாதை என்று மேடம் நினைத்தார். நடு மண்டபத்தில் நட்ட நடுவே அக்கா துணி. சுவரொட்டியிலும் அதே துணி, முதுகு காட்டுகிற பறவையோடு. ஊர் முழுக்க ஒட்டினார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஆறு. இவள் பால் வாங்கப் போனால்கூடச் சுற்றிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

திறப்புக்கு நாலு நாள் முன்னால் நான் சரக்கு லிஃப்டைச் சரிபார்க்கப் போயிருந்தேன். துணிப் பிரிவின் வாசலுக்கு எதிரேதான் லிஃப்ட். ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். மேலங்கியில் மாவு, கையில் ஒரு காகிதப் பை. ரொட்டிக்கடை வைத்திருக்கிறாராம். கடைச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அந்தப் படத்துல இருக்கிறது எங்கம்மா தைச்சதுங்க" என்றார்.

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. அது நூத்தம்பது வருஷத்துத் துணிம்மா. உங்கம்மாவுக்கு அவ்வளவு வயசா?"

"அம்மா இருந்தா எண்பத்தெட்டு. நான் பொறக்கிறதுக்கு முன்னாடி கால் உடைஞ்சு அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. பொழுது போகாம அங்கயே தைச்சது. எனக்கு ஆறு வயசு வரைக்கும் நான் அதைப் போத்திக்கிட்டுத்தான் தூங்கினேன். வீடு மாறும்போது லாரியில ஒரு பெட்டி காணாமப் போச்சு. அதோட போனது."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"பதினோரு பறவை. ஒண்ணு கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே டீத்தூளைக் கொதிக்கவைச்சு அந்தத் தண்ணியில முக்கி எடுத்தாங்களாம். ஏம்மான்னு கேட்டா சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க."

"பறவை கணக்கு சுவரொட்டியிலயே தெரியுதேம்மா" என்றாள் இவள். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது. "அதுவும் இல்லாம, இது நாலு பேர் சேந்து தைச்சது."

"நாலு பேரா?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எங்கம்மா ஒருத்திதாங்க. கட்டில்ல நாலு பேருக்கு எடம் ஏது?"

"சரி, உங்களுக்கு என்ன வேணும்? துணியைத் திரும்பக் கேக்குறீங்களா?"

"ஐயையோ, எனக்கெதுக்கு? எங்க வீட்ல மாவு படிஞ்சே வீணாப் போயிடும். இங்கயே இருக்கட்டும்." மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். "கீழ அட்டையில எழுதி வைப்பீங்கல்ல, யாரு செஞ்சதுன்னு? அங்க எங்கம்மா பேரு இருக்கணும். அவ்வளவுதான். எங்கம்மா பேரு எங்கயுமே இல்லீங்க. அவங்க நாப்பது வருஷம் மாவு பெசைஞ்ச கடைப் பலகையிலகூட எங்கப்பா பேருதான் இருக்கு."

இவள் தன் பன்னிரண்டு பக்கத்தை எடுத்து ஒரு முறை புரட்டினாள். பிறகு, ஆதாரம் இல்லாமல் எழுத முடியாது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. காகிதப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு பன். இவள் தொடவே இல்லை. அத்தனையையும் தின்றது நான்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் எல்லாம் வழக்கத்தை விடச் சத்தமாகப் பேசியது. "படத்தைப் பாத்துட்டு ஆளாளுக்கு எங்கம்மா எங்கம்மான்னு வந்தா நான் என்ன பண்றது?" என்று கரண்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"திருப்பிப் பாத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"உங்களுக்கு லிஃப்டைப் பத்தித் தெரிஞ்சா போதும்!"

இந்த அளவுக்குச் சீறினால் எங்கோ சுட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டு என் கருவிப் பையை எடுத்தேன். அதன் வார் பிய்ந்து பத்து நாளாகிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கெட்டி நூலைக் கோத்து, எனக்குத் தெரிந்த ஒரே தையலைப் போட ஆரம்பித்தேன். ஓரடி முன்னே, அரையடி பின்னே, என் நடை மாதிரி. முடிந்ததும் பையை மேசை மேலேயே வைத்தேன்.

"கிரீஸ் பையைச் சாப்பிடுற எடத்துல வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று தூக்கியவள், தூக்கின வாக்கில், பழக்க தோஷத்தில், வாரைத் திருப்பிப் பார்த்தாள்.

திருப்பினவள் பையைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். என் தையலின் பின்பக்கம் கயிறு மாதிரி விழுந்திருந்தது.

"இது யாரு தைச்சது?"

"பக்கத்து வீட்டுப் பூனை. வேற யாரு, நான்தான்."

"எந்தக் கையால?"

"எனக்கு எது வருமோ அந்தக் கையால. ஏம்மா, நான் இடது கைக்காரன்னு இன்னைக்குத்தான் தெரியுமா உனக்கு?"

தெரியும், நன்றாகத் தெரியும். கத்தரிக்கோலை எப்போதும் இடப் பக்கமே வைத்துவிடுகிறேன் என்று எத்தனை சண்டை. ஆனால் நான் தைக்கும்போது அவள் பார்த்ததே இல்லை. என் தையலைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியுமாம், அதனால் எழுந்து போய்விடுவாள். இப்போது ஒரு கைக்குட்டையில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்து, "காம்புத் தையல் போடுங்க. எப்படின்னு சொல்றேன், உங்களுக்கு வர்ற மாதிரியே போடுங்க" என்றாள். நான் போட்டேன். மற்றவர்கள் இடமிருந்து வலம் போவார்கள். என் ஊசி வலமிருந்து இடம் போனது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமானதிலிருந்து என் கையை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு சாண் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டாள். கோணல்மாணலான தையல்தான். ஆனால் முழுக்க முழுக்க இடம்புரி.

"நாலு பொம்பளைங்க இல்லீங்க" என்றாள். "மலை நாடும் இல்ல. ஒரே ஒரு எடது கை."

பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தவறுவதுதான், உலகத்தில் எவ்வளவு இடது கை இருக்கிறது, அந்த அம்மாளின் அம்மா இடது கைதான் என்று யார் கண்டது என்றெல்லாம் உளறினேன்.

"பட்டு நார்நாராப் போயிடும்னு சொன்னது பொய்" என்றாள் தலையைத் தூக்காமல். "மொத வருஷம் நெஜம். அதுக்கப்புறம் பயம். பின்னாடி வேற ஏதாவது இருந்துட்டா? எனக்கு இருந்த பேரு அது ஒண்ணுதாங்க."

மறுநாள் காலையில் முதல் வேலையாக இரண்டு பேரும் அந்த ரொட்டிக்கடைக்குப் போனோம். அந்த அம்மாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்கம்மா எந்தக் கையால எழுதுவாங்க?"

"வலது கைதான்."

இவள் முகம் விழுந்துவிட்டது. தட்டில் இருந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு இவளே மறுபடி கேட்டாள். "ரொட்டி வெட்டினா?"

"அது எடது. எல்லாமே எடதுதாங்க. எழுத மட்டும் பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க. ஏன், என்னாச்சு?"

"கடையை ரெண்டு மணி நேரம் சாத்த முடியுமா?" என்றாள் என் மனைவி.

இயக்குநர் மேடம் நல்லவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "அக்கா, ஊர் முழுக்க ஒட்டியாச்சு. புத்தகமும் அச்சாயிடுச்சு. நீங்க போற நேரத்துல இது எதுக்கு? இருபத்தஞ்சு வருஷப் பேரு அக்கா."

"அவங்கம்மாவுக்கு ஒரு நாள் பேருகூட இல்லையே மேடம்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கடைசியில் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஒரு ஓரம் மட்டும் பிரிச்சுப் பாருங்க" என்றார்.

நீள மேசையில் துணியைக் கவிழ்த்துப் போட்டோம். நாங்கள் நாலு பேர்தான் அறையில். இவள் சின்னக் கத்தரியால் உள்துணித் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். பட்டு கிழியவில்லை, சமர்த்தாகப் புரண்டு வந்தது.

பின்பக்கத்து நூல் வெளிச்சம் படாததால் நிறம் போகாமல் அப்படியே இருந்தது. இவள் கொடி மேல் விரலை ஓட்டினாள். நூல் தொடங்கிய முடிச்சு ஒரு கோடி, முடித்த வால் மறு கோடி, எந்தக் கிளையை எடுத்தாலும் என் கைக்குட்டையில் ஊசி போன அதே திசை. "ஒரே கை" என்றாள். "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஆளு." அந்த அம்மாளுக்கு அதெல்லாம் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சையும் வாலையும் வைத்து இடது கை என்று சொல்லலாம். யாருடைய அம்மா என்று சொல்ல முடியாதே. ஒரு ஓரம்தான் என்று சொன்ன மேடமே, "மிச்சத்தையும் பிரிங்க அக்கா" என்றார்.

நாலாவது மூலைக்கு வந்தபோது இவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

மூலையில் ஊதா மையில் ஒரு முத்திரை. டீத்தண்ணீரில் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர். அதன் கீழே: 'பெண்கள் பிரிவு. எலும்பு முறிவு. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

மேடம் குனிந்து அதைச் சத்தமாகப் படித்தார்.

"அடிப்பாவி அம்மா!" என்றார் ரொட்டிக்கடை அம்மாள். "ஆஸ்பத்திரி விரிப்பையா சுட்டுக்கிட்டு வந்தே! அதான் டீயில முக்கினியா!" சிரிக்க ஆரம்பித்தார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்ததில் விளக்கு ஆடியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து முத்திரை மேல் கன்னத்தை வைத்துவிட்டார். பிறகு சிரிப்பு சிரிப்பாக இல்லை. துணியைத் தொடாதீர்கள் என்று ஊரையே விரட்டுகிறவள் என் மனைவி. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருடமாக நூற்றைம்பது வருடப் பழுப்பு என்று அவள் கொண்டாடியது ஒரு பொட்டலம் டீத்தூள்.

கண்காட்சி சொன்ன நாளில் திறந்தது. நடு மண்டபத்தில் நட்ட நடுவே அதே துணி, ஆனால் சுவரில் இல்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே நிற்கவைத்திருந்தார்கள், சுற்றி வந்து பின்பக்கமும் பார்க்கிற மாதிரி. ஜனங்கள் முன்பக்கத்தை விட முத்திரையின் பக்கம்தான் மொய்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.

கீழே அட்டை. அதை என் மனைவி தன் கையாலேயே எழுதினாள். முதல் வரியில் அந்த அம்மாளின் தாயாருடைய முழுப் பெயர். அதன் கீழே: 'இவர் ஒருவரே, இடது கையால், கால் உடைந்து படுத்திருந்த ஐந்து மாதத்தில் தைத்தது.' கடைசியில் சின்ன எழுத்தில்: 'இதை வேறொரு நாட்டு வேலை என்று இருபத்தைந்து வருடம் தவறாக எழுதி வைத்திருந்தவர்' என்று தன் பெயர். அந்த வரி வேண்டாம் அக்கா என்று மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவள் ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்துச் சின்னப் பெட்டியில் என் கைக்குட்டை, 'ஒப்பிட்டுப் பார்க்க' என்ற குறிப்போடு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

ரொட்டிக்கடை அம்மாள் துவைத்த உடுப்பில், மாவு இல்லாத கையோடு வந்தார். அட்டையின் முன் நின்று தாயார் பெயரை மெல்லச் சத்தமாகப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, தள்ளி நின்று, மறுபடி புதிதாக வந்து நிற்கிறவர் போல நின்று படித்தார். பிறகு என் மனைவியிடம் வந்து, "எங்கம்மா பேருக்குக் கீழ உங்க பேரு இருக்குங்க. நாலு பேருன்னு சொன்னீங்க, ரெண்டு பேராவது ஆச்சு" என்றார். திருப்பி அக்கா என்று பெயரெடுத்தவளுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. நான் ஊசி டப்பாவைத் தேடினால் அது அவள் மடியில் இருந்தது. சட்டையும் அங்கேதான் இருந்தது. ஊசியை இடது கையில் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"விரிப்பு தைச்ச அந்தம்மா ஊசியை எப்படிப் பிடிச்சிருப்பாங்கன்னு பாக்கிறேன். ரொம்பக் கஷ்டம்ங்க. நீங்க எப்படி இத்தனை வருஷம் தைச்சீங்க?"

சட்டையை வாங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக, நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரே நூல் கந்தல். அந்தப் பொத்தான் இரண்டாம் நாளே வேலையிடத்தில் கழன்று விழுந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. லிஃப்ட் கூரை மேல் உட்கார்ந்து, அவள் போட்ட நூலைப் பிரிக்காமல், அதன் மேலேயே என் கையால் தைத்துக்கொண்டேன்.